மயில் பார்க்கும் பக்கம்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் பதினேழு நாள் பேசக் கூடாது.

குரல்நாணில் இரண்டு முடிச்சுகள். கடுகளவுதான். டாக்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். "கத்திப் பேசற வேலையா? டீச்சரா?" என்று கேட்டார். டிசைனர் என்றேன். "படம் வரையறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பேச்சு?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "இப்ப இருந்தே ஆரம்பிச்சிருங்க. கிசுகிசுன்னு பேசறது இன்னும் மோசம். இருபதாம் தேதி வாங்க. சரியா இருந்தா அஞ்சு நிமிசம் பேச விடறேன்."

சொல்ல முடியாமல் போன பதிலை எங்காவது வைக்க வேண்டுமே என்றுதான் வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன்.

எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர். நான், பெனிட்டா, திருமூர்த்தி. சாய்பாபா காலனியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. பெரிய கட்டடங்களுக்கு வழிகாட்டும் பலகைகள் வடிவமைப்பது எங்கள் வேலை. எங்கே நுழைவது, எங்கே திரும்புவது, கழிப்பறை எங்கே. பெனிட்டா தூத்துக்குடிக்காரி, முப்பத்து மூன்று வயது. அவள் நினைப்பது என்னவென்று வாயில் வந்த பிறகுதான் அவளுக்கே தெரியும். திருமூர்த்தி உடுமலைக்காரர், நாற்பதைத் தொடப்போகிறார். அவர் நினைப்பது வாய்க்கு வர மூன்று நாள் ஆகும். இருவருக்கும் எதிரெதிர் மேசை. ஆறு வருடமாக ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். அப்படியே கொடுத்தால் குத்திவிடும். பெனிட்டாவின் பேச்சில் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுப்பேன். திருமூர்த்தியின் பேச்சில் சர்க்கரை போட்டுக் கொடுப்பேன். ஆறு வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை.

இதற்குத்தான் டாக்டர், இவ்வளவு பேச்சு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை திருமூர்த்தி ஒரு கடிதம் கொடுத்தார். அழகான கையெழுத்து. "அக்காவுக்கு வணக்கம். இந்த ஆறு ஆண்டுகளில் என் வேலையை இங்கே ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. இப்படியே இருந்தால் எனக்கு வேலை மறந்துவிடும். ஜூன் 20 வரை இருந்து கண் மருத்துவமனை வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்." முதல் வாக்கியம் மனத்துக்கு இதமாக இருந்தது. இரண்டாவது வாக்கியம் அதனோடு ஒட்டவில்லை. வேறு எங்கோ நல்ல இடம் கிடைத்திருக்கும், வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்படுகிறார்.

அவர் போய்விட்டால் இந்த அலுவலகம் நிற்காது. பெனிட்டாவிடம் இன்னும் சொல்லவில்லை. இருபதாம் தேதிக்குள் அவர் மனத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பேசித்தான் மாற்ற வேண்டும். அதற்குள் இப்படி.

ஜூன் 4, செவ்வாய்

மகள் சஹானா சின்ன வயதில் வைத்திருந்ததைப் போன்ற ஒரு சிலேட்டை வாங்கிக்கொண்டேன். குச்சியால் எழுதலாம், பொத்தானை அழுத்தினால் மொத்தமும் அழிந்துவிடும். கழுத்தில் மாட்டிக்கொண்டு அலுவலகம் போனேன்.

"அக்கா, பால்வாடிக்கு எந்தப் பக்கமா போறீய?" என்றாள் பெனிட்டா. "சரி, பதினேழு நாளு. இனி நாம்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசணும் போல. அண்ணாச்சி நீங்க கவலப்படாதீங்க, உங்களுக்கும் சேத்தே பேசிருதேன்."

திருமூர்த்தி சிரித்தார். சிரித்த மாதிரி தெரிந்தது.

கண் மருத்துவமனை வேலை எங்களுக்கு வந்ததில் மிகப் பெரியது. பொள்ளாச்சி சாலையில் பழைய கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நான்கு மாடியில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பலகைகளைப் பதினெட்டாம் தேதி தலைமை மருத்துவர் ரங்கநாயகியிடம் காட்ட வேண்டும். பெனிட்டா ஒரு நாளைக்கு முப்பது வரைகிறாள், இருபத்தொன்பதைக் கிழித்துப் போடுகிறாள். திருமூர்த்தி இரண்டு வாரமாகக் காலையில் பழைய கட்டடத்து வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டு மத்தியானம்தான் வருகிறார். நேற்று வரை அவர் வரைந்தது ஒரே ஒரு கோடு. சுவரில் இடுப்புயரத்தில் நீளமாக ஓடும் கோடு. "அண்ணாச்சி அங்க போயி என்ன பண்ணுதாவ, கண்ணு டெஸ்ட் பண்ணவா?" என்று பெனிட்டா கேட்டபோது, "அளவெடுக்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

பருப்பு தீர்ந்துவிட்டது. இட்லி மாவு புளித்துவிட்டது. சாப்பிடும்போது இவர் என்னிடம், "எந்த காலேஜுக்குப் போறதா இருக்கா அவ?" என்று கேட்டார். சஹானா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சிலேட்டைத் தேடினேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பெனிட்டா பலகைகளை முடித்துவிட்டாள். கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைப் பலகைகள், உள்ளே விளக்கு எரியும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படம். பதிவு செய்யும் இடத்துக்கு யானை, கண்புரைக்கு மயில், விழித்திரைக்கு மீன், கண்ணாடிப் பிரிவுக்குக் குடை. "படிக்கத் தெரியாதவங்க எத்தன பேரு வருவாவ. மயிலப் பாத்துப் போங்கன்னு சொன்னா போயிருவாங்கள்ளா" என்றாள். அந்த மயிலை அவள் என் கண்முன்னால்தான் வரைந்தாள். கொண்டையில் பேனாவை வைத்தாள், தோகையின் கடைசி இறகில் எடுத்தாள். நடுவில் கை தாளை விட்டு எழவேயில்லை. நான் கையில் தேநீரோடு நின்றபடியே ஆறவைத்துவிட்டேன்.

திருமூர்த்தி அந்தத் தாளை எடுத்துப் போய்த் தன் மேசையில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து, வழக்கம்போல எனக்கு மட்டும் கேட்கும்படி, "தப்புங்க அக்கா" என்றார்.

இது எனக்குப் பழகிய வார்த்தை. இதை எடுத்துக்கொண்டு பெனிட்டாவிடம் போய், "திருமூர்த்திக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் யோசிக்கலாமாங்கறார்" என்று சொல்வேன். இதைப் பேசினால் நான்கு விநாடி. எழுத எவ்வளவு நேரமாகும் என்று இன்றுதான் தெரிந்தது. 'தப்பு என்று இல்லை, ஆனால்' என்று தொடங்கினேன். 'தப்பு' முடிந்து அடுத்த எழுத்துக்குக் குச்சியை வைப்பதற்குள் பெனிட்டா சிலேட்டைப் பிடுங்கிவிட்டாள்.

"தப்பா? யாரு சொன்னா, அண்ணாச்சியா?"

நேராக அவர் மேசைக்குப் போனாள். ஆறு வருடத்தில் அவள் அந்த எட்டடியைக் கடந்து நான் பார்த்ததில்லை.

"எங்கன தப்பு அண்ணாச்சி?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக, "வெளிச்சமுங்க" என்றார்.

"வெளிச்சம் இல்லாம எப்படிப் பாப்பாவ?"

"கண்ணுல மருந்து உட்டவங்களுக்கு வெளிச்சம் ஆகாதுங்க. கூசும். தலையக் குனிஞ்சுட்டுத்தான் நடப்பாங்க. இப்பவும் அங்க மேல ஏழு பலகை தொங்குது. ஒருத்தரு அண்ணாந்து பாக்கல. பதினோரு நாளா பாத்துட்டு இருக்கறனுங்க."

"பதினோரு நாளா தெரியும், இன்னைக்கு வந்து சொல்லுதீய?"

"அன்னைக்கே சொன்னனுங்களே. போன மாசமே சொன்னேன். அந்தத் துணிக்கடை வேலையில கூட, அம்பு திரும்பியிருக்குதுன்னு சொன்னேன். தப்புன்னுதான் சொன்னேன்."

"எங்கிட்ட யாரும் தப்புன்னு சொல்லலியே. 'அருமையா இருக்கு பெனிட்டா, லேசா யோசிக்கலாம்'னுல்லா வந்துச்சு."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

அப்போது எனக்குக் கீழே பேக்கரியில் தேங்காய் பன் வாங்க வேண்டியிருந்தது. போய் வாங்கி வந்தேன்.

ஜூன் 7, வெள்ளி

காலையிலிருந்து சண்டை. நடுவில் போய் நின்றேன். இரண்டு கையையும் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி ஆட்டினேன். இருவரும் என்னைச் சுற்றி எட்டிப் பார்த்துப் பேசினார்கள்.

"உங்க கோடு சப்புன்னு இருக்கு அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு ஓரமா பெல்ட்டு போட்டாப்பல இருக்கு" என்றாள் பெனிட்டா. போயிற்று, இனி இந்த மனிதர் ஒரு மாதம் வாய் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த எடத்துல சப்புன்னு இருக்குது? காட்டுங்க."

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. பசியோடு இலையில் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது.

ஜூன் 8, சனி

"நீங்க சொல்லுதத நாம் நம்ப மாட்டேன், கண்ணால பாக்கணும்" என்று பெனிட்டா சொன்னதால் மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே போனதும் அவள், கண்ணால் பார்த்தால் போதாது என்றாள். ரங்கநாயகி டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "எனக்கும் அந்த மருந்த விடுங்க டாக்டர். இவியளுக்கு முன்னாடி நாம் நடந்து காட்டுதேன்." டாக்டர் சிரித்து, அவள் கண்ணைச் சோதித்துவிட்டுச் சொட்டு மருந்து விடச் சொன்னார்.

அரை மணி நேரம் கண்ணை மூடி வரிசையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள். திறந்தபோது கருவிழி முழுக்க ஒரே கறுப்பு. எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் சட்டென்று தலை குனிந்தது. புருவத்துக்கு மேல் ஒரு கை போனது. இன்னொரு கை, அவள் அறியாமலே, சுவருக்குப் போனது. இடுப்புயரத்துக்கு. சரியாக அந்தக் கோடு ஓட வேண்டிய உயரத்துக்கு.

திருமூர்த்தி அந்தக் கையைச் சுட்டி எனக்குக் காட்டினார், அவ்வளவுதான். பதினோரு நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இந்த மனிதர் பார்த்தது இதை. நூறு கைகள், நூறு முறை. அதை ஒரு கோடாக வரைந்து கொடுத்தார். நான் அதைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்றேன்.

சுவரைத் தடவிக்கொண்டே பத்து நிமிடம் நடந்தாள் பெனிட்டா. பத்து நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருமூர்த்தி அவளுக்கு இடப் பக்கமாக நடந்தபடி பேசிக்கொண்டே வந்தார். "முன்னால தூணு இருக்குது. ஒரு படி எறங்கணும். பெரியவரு ஒருத்தரு வர்றாரு, நில்லுங்க." யார் யாராக மாறியிருக்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் நின்று, "சுவரு மட்டுந்தான் அண்ணாச்சி இருக்கு. மத்ததெல்லாம் கரைஞ்சு போச்சு" என்றாள்.

வெளியே லேசான தூறல், மேகம். அதுவே அவளுக்குக் கூசியது. திருமூர்த்தி தன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்து ஆட்டோ வரை கூட்டிப்போனார்.

ஜூன் 9, ஞாயிறு

மாவு அரைத்தேன். இரண்டு பக்கெட் துணி. மழையில் காயவில்லை, உள்ளே கொடி கட்டினேன். கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தோடு ஒட்டுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

கோடு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். பெனிட்டா அதை ஒப்புக்கொண்டும்விட்டாள். ஒப்புக்கொண்ட மறுநிமிடம், "ஆனா உங்களுதும் தப்புத்தான் அண்ணாச்சி" என்றாள்.

"எப்படீங்க?"

"அங்க யாரு தனியா வாரா? மருந்து விட்டவிய பின்னால வாராவ. முன்னால கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மகனோ மருமகளோ போறாவல்லா, அவியளுக்கு நல்லாவே கண்ணு தெரியும். அவிய நிமிந்துதான் பாப்பாவ. சுவரோரமா அம்பது பேரு வரிசையில நின்னா உங்க கோட்ட எவன் பாப்பான்? அவ்வளவு பேரு முதுகுதான் தெரியும்."

திருமூர்த்தி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும். பேக்கரியிலிருந்து பிரெட் வாசனை வந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி வந்து, "நான் பின்னால வர்றவங்கள மட்டும் பாத்துட்டு இருந்துட்டனுங்க" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "கூட்டிட்டுப் போறவங்கள பாக்கவே இல்ல."

"நாம் கூட்டிட்டுப் போறவியள மட்டும் பாத்துட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரே தாள். அவள் மேலிருந்து வரைந்தாள், அவர் கீழிருந்து வரைந்தார். அவள் பலகையின் விளக்கை அணைத்தாள், வெள்ளையைக் கறுநீலமாக்கினாள். அவர் தன் கோட்டைச் சுவரிலிருந்து விரற்கடை அளவு புடைக்கவைத்தார், கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி. அவள் மயிலின் தோகையைப் பலகையிலிருந்து கீழே இழுத்து வந்தாள். இழுத்து வந்து அந்தக் கோட்டோடு சேர்த்தாள். மேலே மயில் நிற்கிறது. அதன் தோகை இறங்கி வந்து சுவரோரம் ஓடுகிறது. முன்னால் போகிறவர் மயிலைப் பார்க்கலாம். பின்னால் வருகிறவர் அதன் தோகையைத் தொட்டுக்கொண்டே போகலாம்.

இருவரும் தாளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தாளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இது பெனிட்டாவுக்குத் தனியாக வந்திருக்காது. திருமூர்த்திக்கும் வந்திருக்காது. நடுவில் நான் பேசிக்கொண்டிருந்திருந்தால்?

பாத்திரக் கடையில் குக்கருக்கு ரப்பர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

சஹானாவும் இவரும் காலையில் நேருக்கு நேர் சத்தம் போட்டுக்கொண்டார்கள். சிலேட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடவும் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் இருவரும் சென்னைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 14, வெள்ளி

புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் அட்டையிலும் தெர்மோகோலிலும் செய்து ஒட்டிப் பார்த்தோம். மருந்து விட்ட ஐந்து பேரும் கூட வந்தவர்களும் நடந்து பார்க்கச் சம்மதித்தார்கள்.

முதலில் ஒரு அம்மாள். தோகையில் கை பட்டதும் நின்றார். தடவிப் பார்த்தார். "என்னமோ எறகாட்ட இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். முன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மகன் நான்காவது அடியில் கையை விட்டுவிட்டான். விட்டது அவனுக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் தலையைக் குனிந்தபடி, யார் துணையும் இல்லாமல், வராந்தா முழுக்க நடந்து போய்ச் சரியான கதவில் நின்றார். பெனிட்டா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு வரக் கூடாது. இருவரும் அப்படியே நின்றோம்.

கடைசியாக வந்தவர் நெகமத்துக்காரர், கிட்டுசாமி என்று பெயர். வராந்தா இரண்டாகப் பிரிகிற இடத்தில் சுவர் முடிந்து கை வெறுமையில் நீண்டது. தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி மயிலைப் பார்த்தார். இடப் பக்கம் திரும்பிவிட்டார். போக வேண்டியது வலப் பக்கம். பலகையில் இருந்த அம்புக்குறியும் வலப் பக்கத்தைத்தான் காட்டியது. "மாமா, அக்கட்டால போகாதீங்க, இக்கட்ட" என்று மருமகள் ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிவந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.

நான் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தேன். மயில் இடப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சிலேட்டில் எழுதினேன்: 'மயில் பார்க்கிற பக்கம் போகிறார்கள்.' நிமிர்ந்தால் பெனிட்டாவும் திருமூர்த்தியும் என்னை நோக்கி வருகிறார்கள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். பொத்தானை அழுத்திவிட்டேன்.

"என்னக்கா எழுதுனீய?" என்றாள்.

'அருமை' என்று எழுதிக் காட்டினேன்.

ஒரே ஒருவர்தானே. வயதானவர்.

ஜூன் 15, சனி

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்குச் சைகையில் சொன்னேன், குளியலறைக் குழாயை மாற்றிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

ரங்கநாயகி டாக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எழுந்து வந்து தோகையைத் தடவிப் பார்த்தார். "இருபத்தெட்டு வருசமா இந்த ஜனங்களப் பாக்கறேன். இவங்க கை எங்க போகுதுன்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார். திருமூர்த்தி, "பெனிட்டா போட்டதுங்க" என்றார். பெனிட்டா, "அண்ணாச்சி பாத்தது டாக்டர்" என்றாள். இருவரும் சொன்னது உண்மை. இரண்டும் முழு உண்மை இல்லை என்று அதிலேயே ஒரு சின்னச் சண்டை, ஆட்டோவில்.

இருபதாம் தேதி நான்கு மணிக்குப் பலகை செய்பவருக்கு வரைபடங்கள் போக வேண்டும். வெட்டிவிட்டால் மாற்ற முடியாது.

திரும்பி வந்து திருமூர்த்தி தன் மேசை இழுப்பறையைக் காலி செய்தார். "என்ன அண்ணாச்சி, வெள்ளையடிக்கப் போறீயளா?" என்றாள் பெனிட்டா. அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இந்தப் பத்து நாளுக்குப் பிறகும் ஏன் போகிறார்? அவரோடு சண்டை போடத்தான் ஆள் கிடைத்துவிட்டதே. நான் பேசத் தொடங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

ஜூன் 19, புதன்

பெனிட்டாவின் ஆறு வருடப் படங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் சின்னதாக, 'தப்பு' என்றோ 'இங்கே' என்றோ ஒரு குறி. திருமூர்த்தியின் கையெழுத்து. என் மேசை வழியாகத்தான் அத்தனையும் போயிருக்கின்றன. கொடுப்பதற்கு முன் அந்தப் பென்சில் குறிகளை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அழுத்தி எழுதுகிறவர், தடம் அப்படியே இருக்கிறது. விரலால் தடவினால் தெரிகிறது.

ஜூன் 20, வியாழன்

டாக்டர் திரையைக் காட்டினார். ஒரு முடிச்சு இல்லை, இன்னொன்று பாதியாகிவிட்டது. "இன்னைக்கு அஞ்சு நிமிசம். பாத்துச் செலவு பண்ணுங்க" என்றார்.

வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. சேர்த்துவைத்துக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் மணி மூன்றேகால். வரைபடங்கள் எல்லாம் தயாராக மேசையில் விரிந்திருந்தன. திருமூர்த்தியின் பை கட்டித் தயாராக அவர் நாற்காலியில் இருந்தது. பெனிட்டா இன்னும் அதைக் கவனிக்கவில்லை. அவர் வரைபடத்தை என் பக்கம் திருப்பி, "எப்படீங்க அக்கா இருக்குது?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு. இந்த இரண்டு சொற்களும் நாக்கின் நுனியில் தயாராக நின்றன. ஆறு வருடம் பழகிய சொற்கள்.

"தப்பு" என்றேன்.

யாருடைய குரலோ போல இருந்தது. கரகரவென்று. பெனிட்டா குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"எப்படி?" என்றார்கள் இருவரும்.

"மயில் இடது பக்கம் பாக்குது. போக வேண்டியது வலது பக்கம். ஜனங்க அம்புக்குறியப் பாக்கல. மயில் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் போறாங்க. அந்த நெகமத்துப் பெரியவர் அப்படித்தான் போனார்."

திருமூர்த்தி வரைபடத்தின் மேல் குனிந்தார். விரலை மயிலின் அலகில் வைத்து, அது காட்டும் திசையில் நகர்த்திக்கொண்டே போனார். விரல் கழிப்பறையில் போய் நின்றது.

"திருப்பிப் போட்ருவோம்" என்றாள் பெனிட்டா. பிறகு அவளே, "முடியாதுல்லா. மேல் மாடியில எடப் பக்கந்தான திரும்பணும். அப்ப ரெண்டு மயில் வேணும். மீனும் அப்படித்தான். யானையும். குடை மட்டுந்தான் தப்பிச்சுது" என்றாள். அவள் முகம் மாறியது. "அக்கா. நீங்க இத வெள்ளிக்கிழமையே பாத்துட்டீயளா?"

"பாத்தேன். எழுதினேன். அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"ரெண்டு பேரும் சந்தோசமா வந்தீங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தைவிட வேறு ஏதோ அதில் இருந்தது. "இன்னும் என்னெல்லாம் அழிச்சீய?" என்று கேட்டாள்.

அலமாரியைத் திறந்து அவளுடைய ஆறு வருடப் படங்களைக் கொண்டுவந்து அவள்முன் வைத்தேன். முதல் தாளைத் திருப்பி, அவள் விரலைப் பிடித்து அந்தப் பென்சில் தடத்தின் மேல் வைத்தேன். தடவினாள். அடுத்த தாள். அதற்கடுத்தது. திருமூர்த்தி அசையாமல் நின்றார். இனி இந்த இருவரும் என்னோடு ஒரே அறையில் இருப்பார்களா என்று தோன்றியது. போனால் போகட்டும், தெரிந்து போகட்டும் என்றும் தோன்றியது.

நான்காவது தாளில் பெனிட்டா தலையைத் தூக்காமல், "இது தப்பில்ல அண்ணாச்சி. இந்தத் துணிக்கடைப் படியில நீங்க சொன்னதுதான் தப்பு" என்றாள்.

"எப்படீங்க?" என்றார் அவர்.

"பொறவு சொல்லுதேன். இப்ப மயிலப் பாப்போம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்தக் கடுதாசியக் கொஞ்சம் குடுங்க."

"என்ன கடுதாசி?" என்றாள் பெனிட்டா.

என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நாள் பிரித்தும் மடித்தும் ஓரம் நைந்திருந்தது. அவர் அதைப் பிரித்து, எழுத்து உள்ள பக்கத்தைக் கவிழ்த்து, வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"இதுல போடுங்க. வலப் பக்கம் பாக்கற மாதிரி."

"வேற தாளா இல்ல?" என்றபடி அவள் அதைத் திருப்பினாள். படித்தாள். கடைசி வரி வரை படித்தாள். நாற்காலியில் கட்டி வைத்திருந்த பையை இப்போதுதான் பார்த்தாள்.

"அண்ணாச்சி."

"மொதல்ல மயிலு" என்றார்.

அவள் தாளைக் கவிழ்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைக் கொண்டையில் வைத்தாள். வலப் பக்கம் பார்க்கும் மயில் அவள் கைக்குப் பழக்கமில்லை. பாதிக் கழுத்தில் நின்றது. "கழுத்து தப்புங்க" என்றார் அவர். "தெரியுது, சும்மா இருங்க" என்றாள் அவள். நான் பலகை செய்பவருக்கு ஃபோன் செய்து, இன்று வராது, திங்கட்கிழமைதான் வரும் என்றேன். ரங்கநாயகி டாக்டருக்கும் செய்தேன். ஏன் என்று கேட்டார். எங்கள் தவறு, ஜனங்கள் மயில் பார்க்கிற பக்கம் போகிறார்கள், நான் முன்பே பார்த்தும் சொல்லவில்லை என்றேன். "மயில் பாக்கற பக்கமா" என்று கேட்டுச் சிரித்தார்.

திரும்பி வந்தபோது கழுத்து முடிந்து தோகைக்கு வந்திருந்தார்கள். அது தாளின் ஓரத்துக்குப் போய் இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. அவள் மேலே வளைக்கலாம் என்றாள். அவர், வளைத்தால் கை வழுக்கிவிடும் என்றார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. பென்சிலை எடுத்தேன். நான் வரைந்து நான்கு வருடம் இருக்கும். தோகையை வளைக்காமல், தாளின் ஓரத்தையே சுவர் மூலையாக வைத்து, அங்கே சுவர் திரும்புவதோடு சேர்த்துத் திருப்பினேன்.

"தப்பு அக்கா" என்றாள் பெனிட்டா உடனே.

"தப்புத்தானுங்க" என்றார் திருமூர்த்தி.

"எப்படித் தப்பு?" என்றேன் நான். "மூலையில கை என்ன பண்ணும்னு சொல்லுங்க. வந்து இங்க நின்னு காட்டுங்க. கண்ண மூடிக்கிட்டு."

திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு எங்கள் அலுவலகச் சுவரைத் தடவியபடி மூலையை நோக்கி வந்தார். பெனிட்டா அவர் நாற்காலியில் இருந்த பையைத் தூக்கி, வழியில் தட்டாமல், மேசைக்கடியில் தள்ளினாள்.

டாக்டர் கொடுத்த ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.